நேர்த்திக்கடனாய் எழுந்த தேவாலயம்

கோயிலில்லாத ஊரில் குடியிருத்தல் ஆகாது என்பது நம் முன்னோர் கொள்கை. பிழைப்பு நாடி அயலூர் சென்றோர் எச்சமயத்தவராயினும் இக்கொள்கையை ஏதோ ஒரு வகையில் போற்றியே வந்துள்ளனர். அங்ஙனம் அயல்மண்ணில் எழுப்பும் கோயில், விட்டுவந்த ஊரின் படியாக இருத்தல் வேண்டுமா? வந்து சேர்ந்த ஊருக்கு இசைந்ததாக இருத்தல் வேண்டுமா? தில்லி வாழ் தமிழராகிய நமக்கு இவ்வினா புதியதன்று. நம் கோயிலை மட்டும் வைத்து இதனை ஆராயப் புகுந்தால் பற்று கண்ணை மறைத்தல் கூடும். ஆதலின் பிறர் எழுப்பிய கோயில் ஒன்றை முதலில் நோக்குவோம். பழைய தில்லியில், காஷ்மீரி கேட் அருகே நிற்கும் செயிண்ட் ஜேம்ஸ் தேவாலயமே அது.

இக்கட்டடத்தை மதிப்பிடுமுன், ஆங்கிலேயர் தம் நாட்டில் வழிவழியாகக் கட்டிய கோயில் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். ஓர் ஊராரின் வழிபாட்டிற்கும் திருமணத்திற்கும் அடக்கத்திற்கும் உரிய கோயிலைப் பங்குக்கோயில் என்பர். இடைக்காலப் பங்குக்கோயில் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டது. கிழக்கே பலிபீடம் அமைந்த பகுதி. அதன் மேற்கே மக்கள் கூடும் நெடுங்கூடம். பல ஊர்களில் மேற்குக் கோடியில் மணிக்கோபுரம். சுற்றிலும் ஊராரின் கல்லறைகள். பீடப் பகுதியைப் பேணுதல் குருவின் கடமை. கூடத்தைப் பேணுதல் ஊராரின் கடமை. 12-ஆம் நூற்றாண்டின் அரைவட்ட வளைவுக்கு அருகிலேயே 14-ஆம் நூற்றாண்டின் கூர்வளைவும், 15-ஆம் நூற்றாண்டின் அகன்ற சாளரமும் ஒரே கோயிலில் காணக்கிடைக்கும். சோழன் எடுத்த கருவறையைச் சுற்றிப் பாண்டியரும் நாயக்கரும் மண்டபமும் கோபுரமும் சேர்த்த நம் நாட்டுக் கோயில்களை இது நினைவூட்டும். இரண்டுமே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த கட்டடங்கள்.

இந்த மரபு சென்னைக்கு ஓரளவு வந்து சேர்ந்தது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1678-இல் தொடங்கி 1680-இல் அர்ப்பணிக்கப்பட்ட செயிண்ட் மேரி ஆலயம் நெடுங்கூடமும் மேற்குக் கோபுரமும் உடையது. ஆயினும் அதன் கூரை ஆங்கில நாட்டு மரக்கூரையன்று. பீரங்கிக் குண்டைத் தாங்குமாறு செங்கல்லால் தடித்து வளைக்கப்பட்டது. கோட்டை வாழ்வின் அச்சமே அக்கூரையை வடித்தது எனலாம்.

தில்லித் தேவாலயத்தின் கதை வேறு. அதனை எடுப்பித்தவர் கர்னல் ஜேம்ஸ் ஸ்கின்னர். 1778-இல் ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் ராஜபுத்திரத் தாய்க்கும் பிறந்தவர். இந்தியத் தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குக் கும்பினிப் படையில் அதிகாரிப் பதவி மறுக்கப்பட்ட காலம் அது. ஆகவே அவர் மராத்தியர் படையில் சேர்ந்தார். 1800-இல் உனியாராப் போரில் குண்டடிபட்டுக் களத்தில் கிடந்தார். பிழைத்தெழுந்தால் ஒரு தேவாலயம் கட்டுவதாக அப்போது அவர் வேண்டிக்கொண்டார் என்பர். அங்குச் சோள ரொட்டியும் தண்ணீரும் கொடுத்து அவர் உயிரைக் காத்தோர், சமூகம் தாழ்த்தி வைத்த குலத்தைச் சேர்ந்த ஓர் ஆணும் பெண்ணும். பின்னர் 1803-இல் ஆங்கிலேயர் பக்கம் வந்து, தம் பெயர் விளங்கும் குதிரைப்படையை அமைத்தார். பாரசீக மொழியில் நூல்களும் இயற்றினார். அவருடைய நேர்த்திக்கடன் 1826-இல் கட்டடமாக உருப்பெறத் தொடங்கியது. 1836 நவம்பர் 21 அன்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் அதனை அர்ப்பணித்தார்.

இனிக் கட்டடத்தைக் காண்போம். இங்கு நெடுங்கூடம் இல்லை, மணிக்கோபுரமும் இல்லை. சிலுவை வடிவத் தரைத்திட்டம். நடுவே எண்கோணத்தின் மீதெழும் குவிமாடம். மூன்று புறமும் தூண்கள் தாங்கும் முகமண்டபங்கள். இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரப் பெருங்கோயிலின் குவிமாடத்தோடு இதனை ஒப்பிடுவது வழக்கம். ஸ்கின்னர் இந்தியாவிலேயே பிறந்து இந்தியாவிலேயே மறைந்தவர். விட்டுவந்த ஊர் என்று நினைத்து ஏங்க அவருக்கு ஓர் ஆங்கிலச் சிற்றூர் இல்லை. பங்குக்கோயிலின் படியை அவர் நாடாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஐரோப்பியச் சாயல் கொண்ட இக்கட்டடம் தில்லிக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. நடுவில் குவிமாடம், சுற்றிலும் ஒத்த முகங்கள் என்னும் அமைப்பை ஹுமாயூன் கல்லறையிலேயே இந்நகரம் கண்டுவிட்டது. அடிப்படை அமைப்பில் உறவு இருப்பதால் மேற்பூச்சின் வேற்றுமை உறுத்தவில்லை. இதற்கு மாறான சான்றும் உண்டு. இத்தேவாலயத்தை வடிவமைத்தவராகக் கூறப்படும் மேஜர் ராபர்ட் ஸ்மித்தே குதுப்மினாரைப் பழுதுபார்த்து, 1828-இல் அதன் உச்சியில் மொகலாயச் சாயலில் ஒரு மண்டபத்தை ஏற்றினார். அது பொருந்தவில்லை என்று 1848-இல் இறக்கப்பட்டது. இன்றும் புல்தரையில் தனித்து நிற்கிறது. உள்ளூர் அணியை எடுத்து ஒட்டியது நிலைக்கவில்லை. உள்ளூர் அமைப்போடு ஒத்து எழுந்தது நிலைத்தது.

குறையும் கூறத்தான் வேண்டும். மையத்தை நோக்கிய இவ்வடிவம் நினைவு மண்டபத்திற்குப் பொருந்துமளவு சபையார் கூடும் வழிபாட்டிற்குப் பொருந்துவதன்று. ஒருவர் பொருளால் ஒரே முறையில் முடிந்தது ஆதலின், பின்வந்தோர் கைவைத்து வளர்க்க இடமில்லை. 1841-இல் மறைந்த ஸ்கின்னரின் உடலும் மறுஆண்டு இங்குக் கொணரப்பட்டுப் பீடத்தின் முன்பே அடக்கம் செய்யப்பட்டது. கட்டியவர் நினைவே கட்டடம் முழுதும் ஓங்கி நிற்கிறது.

எனினும் காலம் இக்குறையை ஓரளவு நிரப்பியது. 1835-இல் சுட்டுக் கொல்லப்பட்ட வில்லியம் பிரேசரும், 1853-இல் இறந்த தாமஸ் மெட்காபும் இவ்வளாகத்தில் உறங்குகின்றனர். 1857-இல் குவிமாடத்தின் உச்சியிலிருந்த செப்பு உருண்டையையும் சிலுவையையும் குண்டுகள் துளைத்தன. அவ்வாண்டில் மாண்டோர் பெயர்கள் சுவர்க் கற்களில் ஏறின. 1970-இல் வட இந்தியத் திருச்சபை உருவானபோது இதுவும் அதில் இணைந்தது. ஆண்டவர் அகன்றனர், இந்நாட்டு மக்கள் அங்கு வழிபடுகின்றனர். கல்லால் வளராத கோயில், சபையால் வளர்ந்து பங்குக்கோயிலாயிற்று.

இவ்வளவில் நம் மலை மந்திர் நினைவுக்கு வருகிறது. ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் 1973-இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாதன் திருக்கோயில், ஸ்கின்னர் கட்டியதைப் போலன்றி, ஊர் மரபை அப்படியே கொணர்ந்து நிறுவியது. ஆயினும் அது ஒட்டுவேலையாகத் தோன்றவில்லை. குன்றிருக்கும் இடம் குமரனுக்குரியது என்னும் நம் பழைய மரபுக்குத் தில்லி மண்ணே ஒரு குன்றைத் தந்தது. ஊர்ப்படியா, உள்ளூர் இசைவா என்று தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை இதுவே: எந்த வடிவமாயினும், அது நிற்கும் மண்ணோடு அடிப்படையில் ஓர் உறவு கொண்டிருத்தல் வேண்டும்.

அதன்மேலும் ஒன்று உண்டு. தில்லியிலேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்குத் தஞ்சையும் மதுரையும் விடுமுறையில் கண்ட ஊர்கள். மலை மந்திரோ நாள்தோறும் காணும் குன்று. கட்டியோர் பெருமையை மட்டும் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருத்தல் போதாது. அவர்கள் திருமணமும் பாட்டும் தொண்டும் அங்கு நிகழ இடம் தருதல் நம் கடமை. பங்குக்கோயிலில் கூடத்தைப் பேணும் பொறுப்பு ஊராருடையதாக இருந்ததன் பொருளும் அதுவே.