சிறுவனின் முறையீடு

ஜேம்ஸ் ஜாய்ஸ் 1888இல், ஆறு வயதில், அயர்லாந்தின் கிளாங்கோவ்ஸ் வுட் இயேசு சபை விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டவர். 1916இல் நூலாக வந்த ‘எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் ஆஸ் எ யங் மேன்’ நாவலில் அப்பள்ளியைக் காண்கிறோம்.

சிறுவன் ஸ்டீபனின் மூக்குக்கண்ணாடி உடைந்துவிடுகிறது. எழுத வேண்டாமென வகுப்பாசிரியர் விலக்களித்திருந்தும், கண்காணிப்புக் குரு டோலன் அவனைச் சோம்பேறியெனப் பழித்து இரு கைகளிலும் அடிக்கிறார். ஸ்டீபன் அஞ்சியவாறே அதிபரிடம் சென்று முறையிடுகிறான். அவர் கனிவுடன் கேட்டு, டோலனிடம் பேசுவதாக வாக்களிக்கிறார். தோழர்கள் அவனைத் தூக்கிக் கொண்டாடுகின்றனர்.

நீதி வென்றதென்று நாமும் மகிழ்கிறோம். அடுத்த இயலோ அம்மகிழ்வைப் பறித்துவிடுகிறது. அதிபர் அம்முறையீட்டை உணவு மேசையில் சொல்ல, டோலன் உட்பட அனைவரும் வாய்விட்டுச் சிரித்தனராம். தந்தையே இதை வீட்டில் மெச்சிச் சொல்கிறார். கேட்டிருந்த மகன் மனத்தில் என்ன நிகழ்ந்ததென்று ஜாய்ஸ் ஒரு சொல்லும் எழுதவில்லை. நாவலின் மிகக் கூரிய இடம் இம்மௌனமே என்போம்.

அடியின் வலி ஆறிவிடும். நம்பிச் சொன்ன சொல் நகைப்புக்குரியதானால், பிள்ளை மறுமுறை வாய்திறக்குமா? பிள்ளைகளின் குறையைக் கேட்பது மட்டும் போதாது. கேட்டதைப் போற்றிக் காப்பதும் விடுதி நடத்துவோரின் கடமையன்றோ!