எழுத்தாளர் இல்லங்களும் அவற்றில் வாழும் உயிர்களும்

எழுத்தாளர் ஒருவர் வசித்த வீட்டை ஞாபகச் சின்னமாகப் பாதுகாப்பதென்பது, சுவரையும் கூரையையும் செப்பனிட்டுக் கைப்பிரதிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதோடு முடிந்துவிடுவதன்று என்பதற்குத் தக்க திருஷ்டாந்தம் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ட் தீவில் இருக்கிறது. 1931-இல் எர்னஸ்ட் ஹெமிங்வே குடிபுகுந்து, அந்தத் தசாப்தத்தின் பெரும்பகுதியைக் கழித்த அவ்வீடு 1964 முதல் பொருட்காட்சிசாலையாக விளங்கிவருகிறது. கப்பல் தலைவர் ஒருவர் அவருக்கு அளித்த ஆறு விரல் வெள்ளைப் பூனையின் சந்ததி என்று அவ்வில்லத்தார் பாராட்டும் ஏறத்தாழ 60 பூனைகள், தோட்டத்திலும் அறைகளிலும், அவர் படுத்த கட்டிலின்மேலுங்கூடச் சர்வ சுதந்திரமாக உலவுகின்றன. 2017-இல் பெரும்புயல் அத்தீவைத் தாக்கியபோது, ஊரை விட்டு வெளியேறும்படி உத்தரவு பிறந்தும், ஊழியர் சிலர் பூனைகளைப் பிரிய மனமின்றி அவ்வீட்டிலேயே தங்கினர். ஒரு பூனைக்கும் சேதமில்லை. அந்த ஊழியரின் பற்றையே நான் உண்மையான பராமரிப்பு என்பேன்.

நம் நாட்டில் இவ்வகை இல்லத்துக்குரிய யோக்கியதை பூரணமாக வாய்ந்தது, திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வசித்த வீடு. பல நிறக் குட்டிகளை ஈன்ற வெள்ளைப் பூனையைக் காட்டி, நிறத்தால் மனிதரில் உயர்வு தாழ்வில்லை என்று 'முரசு' பாட்டில் வாதித்தவர் அவர். சமையலுக்கு வைத்த அரிசியை எடுத்துக் குருவிகளுக்கு இறைத்தவர் என்றும் சொல்வார்கள். பார்த்தசாரதி கோயில் யானைக்குத் தின்பண்டம் கொடுக்கப் போய் அதனால் தாக்குண்டு, தேறி எழுந்து, அதே 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவ்வீட்டில் காலமானார். 1993-இல் அரசாங்கம் அதை நினைவில்லமாகத் திறந்தது. படங்களும் நூல்களும் செவ்வனே வைக்கப்பட்டிருக்கின்றன. ஆயினும், ஜீவராசிகளைத் தம் ஜாதி என்று கொண்டாடியவரின் வீட்டில் அவற்றுக்கென்று ஓரிடம் ஒதுக்கப்படவில்லை.

வீடாவது எஞ்சியதே என்று நாம் ஆறுதல் அடையவேண்டியிருக்கிறது. அதே திருவல்லிக்கேணியில், ஏட்டுச் சுவடிகளுக்கு மறு ஜன்மம் தந்த உ. வே. சாமிநாதையர் வாழ்ந்த 'தியாகராஜ விலாசம்' 2012-இல் இடிக்கப்பட்டது. கீழ்க்கட்டளையிலிருக்கும் எங்களுக்கு மிக அண்மையில், பல்லாவரத்தில், 1911 முதல் 1950-இல் மறையும்வரை வாழ்ந்த மறைமலையடிகள், ஆயிரக்கணக்கான நூல்களைத் திரட்டி வைத்திருந்தார். அவை 1958-இல் அவர் பெயரால் சென்னையில் நிறுவப்பட்ட நூல்நிலையத்தைச் சேர்ந்தன. நூல்கள் பிழைத்தது பெரும்பாக்கியமே. ஆனால் துரைப்பாக்கம் சாலை வழியாகத் தினந்தோறும் பல்லாவரத்துக்குப் போய்வருவோரில், அடிகள் வாழ்ந்த ஊர் அது என்று நினைப்பவர் வெகு சிலரே.

நினைவில்லங்களைப் பராமரிக்கும் செய்தி மக்கள் தொடர்புத் துறையினருக்கு என் விண்ணப்பம் இது: பூனைக்கும் குருவிக்கும் ஒரே முற்றம் ஆகாதாகையால், பாரதியார் இல்லத்து மாடியில் குருவிகளுக்கு நாள்தோறும் ஒரு பிடி அரிசியும் தண்ணீரும் வைக்க ஏற்பாடு செய்யுங்கள், கீழே தெருப்பூனை ஒன்று வந்து படுத்தால், அதை விரட்ட வேண்டாமென்று காவலரிடம் சொல்லிவையுங்கள்.