திரௌபதி சிரித்தாளா? – ஒரு க்விஸ் கேள்வியின் போஸ்ட்மார்ட்டம்

போன நவராத்திரிக்கு எங்கள் குடியிருப்பில் புராண க்விஸ் நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முப்பது கேள்வி. பாதி என் டைரியில் இருந்தவை, மீதி அங்கே இங்கே பொறுக்கியது. பதினேழாவது கேள்வி இது: "மகாபாரதத்தில், மாய சபையில் தடுக்கி விழுந்த துரியோதனனைப் பார்த்து 'குருடன் மகனும் குருடன்' என்று சொல்லிச் சிரித்தது யார்?"

அல்வா மாதிரி கேள்வி என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு அணியில் இருந்த ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் "யாருமே அப்படிச் சொல்லலை" என்றார். நான் சிரித்துக்கொண்டே அடுத்த அணிக்குப் பாஸ் செய்தேன். "திரௌபதி!" என்று ஒரு பையன் கத்தினான். பத்து மதிப்பெண். டீச்சர் அணி கடைசியில் ஐந்து மதிப்பெண்ணில் தோற்றது.

அது கூடப் பெரிய விஷயமில்லை. சுண்டல் வாங்கும் வரிசையில் ஒரு பெரியவர், "அந்தப் பொம்பளை வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா பதினெட்டு நாள் சண்டையே வந்திருக்காது" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள். எதிரே கொலுவுக்கு வந்திருந்த பெண்கள், என் மகள் உட்பட, கேட்டுக்கொண்டு நின்றார்கள். அதைச் சொல்ல அவருக்கு ஆதாரம் எடுத்துக் கொடுத்தது என் கேள்வி. வீட்டுக்கு வந்ததும் சபா பர்வத்தைத் திறந்தேன். ஒரு ராத்திரி வேலை என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்துவிட்டது.

நான் வைத்துக்கொண்டது இரண்டு பிரதிகள். ஒன்று, கிசாரி மோகன் கங்குலியின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு, இதைத்தான் செ. அருட்செல்வப்பேரரசன் முழுசாகத் தமிழில் கொண்டுவந்திருக்கிறார். இன்னொன்று, நூற்றுக்கணக்கான சுவடிகளை ஒப்பிட்டுப் புனே பண்டார்கர் நிறுவனம் 1966-இல் முடித்த செம்பதிப்பு. அதில் சபா பர்வத்தைப் பதிப்பித்தவர் ஃபிராங்க்ளின் எட்ஜெர்ட்டன் என்ற அமெரிக்கர்.

முதலில் சம்பவம். கதை சொல்லும் வைசம்பாயனர் நேரடியாக விவரிக்கும் இடம் இது. ராஜசூயம் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பியாயிற்று. துரியோதனனும் சகுனியும் மட்டும் சபையில் தங்கிச் சுற்றிப் பார்க்கிறார்கள். ஸ்படிகத் தரையைத் தண்ணீர் என்று நினைத்து இவன் வேட்டியைத் தூக்கிக்கொள்கிறான். அப்புறம் நிஜமான குளத்தைத் தரை என்று நினைத்துக் கட்டின துணியோடு விழுகிறான். ஏவலர்கள் சிரிக்கிறார்கள். தருமன் சொல்லி மாற்றுத்துணி வருகிறது. பீமன், அர்ஜுனன், நகுல சகாதேவர் சிரிக்கிறார்கள். மறுபடி தரையைக் குளம் என்று நினைத்துத் துணியைத் தூக்க, மறுபடி எல்லோரும் சிரிக்கிறார்கள். வாசல் எது சுவர் எது என்று தெரியாமல் வேறு திண்டாடுகிறான். திரௌபதியின் பெயர் இந்தக் காட்சியில் இல்லை. குருடன் மகன் என்ற பேச்சும் இல்லை.

'எல்லோரும்' என்பதில் அவளும் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். இருந்திருக்கலாம். ஆனால் சிரித்த ஆண்களைப் பேர் பேராகச் சொன்னவர், அரசி சிரித்திருந்தால் அதை 'எல்லோரும்' என்ற மூட்டையில் கட்டிப் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இது வழக்கமான 'வியாசரில் அது இல்லை' கட்டுரையாகியிருக்கும். அந்த வகைக் கட்டுரைகள் நானே நாலைந்து எழுதிவிட்டேன். விஷயம் அடுத்த அத்தியாயங்களில்தான் இருக்கிறது.

ஊர் திரும்பும் வழியில் துரியோதனன் சகுனியிடம் புலம்புகிறான். பாண்டவர் செல்வத்தையும் அந்தச் சபையையும் பார்த்தேன், காவலாட்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நெருப்பில் விழுந்தது போல எரிகிறது என்கிறான். கவனியுங்கள், காவலாட்கள். வேறு யாரும் சிரித்ததாக அந்த வாக்கியத்தில் இல்லை. கேட்டுக்கொண்டிருப்பவன் சகுனி. கூடவே இருந்தவன், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவன்.

கொஞ்சம் தள்ளி, திருதராஷ்டிரனிடம் இதே கதையைச் சொல்கிறான். இங்கே பட்டியல் நீளுகிறது. பீமன் சிரித்தான், முடிந்திருந்தால் அங்கேயே அவனைக் கொன்றிருப்பேன் என்கிறான். கிருஷ்ணன் பார்த்தனோடு சேர்ந்து உரக்கச் சிரித்தான், திரௌபதியும் பெண்களோடு சேர்ந்து சிரித்து என் மனதை நோகடித்தாள் என்கிறான். திரௌபதி உள்ளே வருவது இந்த இடத்தில், இவன் வாய் வழியாக.

ஆபீஸில் ஏதாவது சர்வர் படுத்துவிட்டால் நாங்கள் முதலில் பார்ப்பது லாகில் இருக்கும் நேரத்தைத்தான். யார் எங்கே எப்போது இருந்தார்கள்? அதே பழக்கத்தில் சில அத்தியாயம் பின்னால் போய்ப் பார்த்தேன். துரியோதனன் சபையில் தங்கியதைச் சொல்லும் சுலோகம் எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? கிருஷ்ணன் துவாரகைக்குப் போன பிறகு, என்று! அதாவது இவன் குளத்தில் விழுந்த அன்று கிருஷ்ணன் ஊரிலேயே இல்லை. துவாரகையில் இருப்பவன் இந்திரப்பிரஸ்தத்தில் உரக்கச் சிரித்தான் என்று அப்பாவிடம் சொல்கிறான் பிள்ளை. (திரௌபதிக்கும் கிருஷ்ணை என்று பேர் உண்டே, குழப்பமோ என்று பார்த்தேன். இல்லை, அந்தச் சொல் ஆண்பால். திரௌபதி தனியாக அடுத்த வரியில் வருகிறாள்.)

கேட்பவர் யார் என்றும் பாருங்கள். சம்பவத்தின்போது இல்லாதவர். கண் தெரியாதவர். பேச்சு நடப்பதும் தனிமையில் என்று பிரதியே சொல்கிறது. சகுனி பக்கத்தில் இல்லை. சாட்சியிடம் 'காவலாட்கள்' என்றவன், சாட்சி இல்லாத இடத்தில் 'கிருஷ்ணனும் திரௌபதியும்' என்கிறான். சூதாட்டத்துக்கு அனுமதி வேண்டும், அப்பா தயங்குகிறார். வேலைக்காரன் சிரித்தான் என்றால் அவர் மனம் இளகாது. மருமகள் சிரித்தாள் என்றால்?

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் வக்கீல் வேலை பார்க்கிறேன் என்பீர்கள். இந்த இரண்டாவது பேச்சு, ஜனமேஜயன் 'இன்னும் விரிவாகச் சொல்லுங்கள்' என்று கேட்ட பிறகு வருவது. இது பின்னால் சேர்ந்த அடுக்காக இருந்தால், முரண்பாடு துரியோதனனுடையது இல்லை, இரண்டு புலவர்களுடையது. இருக்கலாம். ஆனால் நம் கையில் இருக்கும் பிரதி ஒரே கதையாகத்தான் இருக்கிறது. அதை அப்படியே படித்தால், அப்பாவிடம் பேச்சைக் கூட்டிச் சொல்லும் ஒரு பிள்ளைதான் தெரிகிறான். அந்தப் பாத்திரத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தவும் செய்கிறது.

சரி, 'குருடன் மகன்' எங்கிருந்து வந்தது? கங்குலியில் துரியோதனனின் அதே புகாரில் ஒரு வரி இருக்கிறது. வாசல் தெரியாமல் தடுமாறும்போது பீமன் சிரித்துக்கொண்டே, 'திருதராஷ்டிரன் மகனே, வாசல் இந்தப் பக்கம்' என்றானாம். பேர் சொல்லாமல் அப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், அதுவும் கண் தெரியாதவனுக்கு வழி காட்டுவது போல. குத்தல் அதிலேயே இருக்கிறது. இதுதான் விதை என்பது என் ஊகம். யாரோ ஒரு கதைசொல்லி அதை உடைத்துப் பச்சையாக்கியிருக்கிறார். யாரோ பீமன் வாயிலிருந்து பிடுங்கித் திரௌபதி வாயில் வைத்திருக்கிறார்.

இடையில் பாகவதமும் இருக்கிறது. பத்தாம் ஸ்கந்தத்தில் இதே காட்சி. அங்கே பீமனோடு பெண்களும் மற்ற அரசர்களும் சிரிக்கிறார்கள், தருமன் தடுக்கிறான், கிருஷ்ணன் பக்கத்தில் நின்று அந்தச் சிரிப்புக்கு உடன்படுகிறான். துரியோதனன் அப்பாவிடம் சொன்னது, நடந்த சம்பவமாகவே ஆகிவிட்டது. அங்கேயும் திரௌபதி தனியாகப் பேர் சொல்லிக் குறிக்கப்படவில்லை, 'பெண்கள்' மட்டும்தான்.

அப்புறம் நம் தலைமுறை. பி.ஆர். சோப்ராவின் தொடர், 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை 94 பகுதிகள், தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில்தான் டிவி. ஜமக்காளத்தில் இடம் பிடிக்கச் சீக்கிரமே போய்விடுவோம். இந்தி ஒரு அட்சரம் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமா உத்தேசமாக மொழிபெயர்ப்பார். ரூபா கங்குலி மேலேயிருந்து சிரித்து அந்த வசனத்தைச் சொன்னதும், புனீத் இஸ்ஸாரின் முகம் மாறியதும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் க்விஸ் கேள்வி எழுதியது வியாசரைப் படித்து இல்லை, அந்த ஜமக்காளத்திலிருந்து. அதற்கு முன்பே, 1977-இல், என்.டி.ஆர் 'தான வீர சூர கர்ணா'வில் துரியோதனனாக மாய சபையில் அந்தச் சிரிப்புக்குக் கொதித்துப் பேசும் நீள வசனத்தை ஆந்திராவில் இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

சேர்த்தது தப்பு என்று சொல்லவில்லை. சேர்க்காத மகாபாரதம் எங்கே இருக்கிறது? கர்ணன் துரியோதனன் மனைவியோடு இருக்கும்போது மேகலை அறுந்து மணிகள் சிதறும் காட்சி வியாசரில் கிடையாது, வில்லிபுத்தூராரில் உண்டு. 1964 'கர்ணன்' படத்தில் பார்த்து நாமெல்லாம் உருகியிருக்கிறோம். 'மாயாபஜார்' சசிரேகாவும் வியாசருக்குத் தெரியாதவள்தான். அந்தச் சேர்க்கைகளால் கதை பெரிசாகிறது, துரியோதனனுக்கே ஒரு கௌரவம் கிடைக்கிறது. இந்த வசனம் என்ன செய்கிறது என்றால், கணக்கைத் தீர்த்துவிடுகிறது. அவள் அவமானப்படுத்தினாள், அவன் திருப்பிச் செய்தான், சரிக்குச் சரி. சபையில் ஒரு பெண்ணின் துணியை உருவியதற்கு முன்கூட்டியே ஒரு ரசீது. பிரதியில் துரியோதனன் பக்கம் பக்கமாகப் பேசுவதோ வேறு: எந்த நாட்டான் என்ன கப்பம் கொண்டுவந்தான், எத்தனை குதிரை, எத்தனை யானை, எவ்வளவு தங்கம். வயிறு எரிந்தது அதற்கு. நம் ஞாபகத்தில் அந்தப் பட்டியல் போய்விட்டது, சிரிப்பு மட்டும் தங்கிவிட்டது.

க்விஸ்காரர்களுக்கு இதில் ஒரு தொழில் சிக்கல் உண்டு. 'மகாபாரதத்தில்' என்று ஆரம்பிக்கும் கேள்விக்கு எந்த மகாபாரதம் என்று சொல்லாவிட்டால் விடை கிடையாது. என் டைரியில் அப்படி ஆரம்பிக்கும் கேள்விகள் நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பக்கத்தில் வியாசர், வில்லி, பாகவதம், சோப்ரா என்று எழுதி வருகிறேன். இதுவரை ஒன்பதை அடித்துவிட்டேன்.

டீச்சர் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைக் காட்டி, மதிப்பெண்ணைத் திருத்தி எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 'வாசல் இந்தப் பக்கம்' வரியை இரண்டு தரம் படித்தார்.

"மார்க்கு இருக்கட்டும் தம்பி. சுண்டல் வரிசையில ஒருத்தர் சொன்னாரே, அவருகிட்ட போய் இதைப் படிச்சுக் காட்டுனீங்களா?"

இன்னும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.