மேய்ச்சல் நிலமும் மதிப்பீட்டு அளவுகோலும்: கென்ய அநுபவம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

மூன்றாம் உலக நாடுகளின் அபிவிருத்தி பற்றிய ஆய்வுகளிற் பயிர்ச்செய்கையாளர் பெற்றுள்ள இடத்தை மந்தை மேய்ப்போர் பெற்றாரல்லர். இவர்களைப் பற்றிய எழுத்துக்களிற் கணிசமானவை இவர்களின் பொருட்டு வகுக்கப்பட்ட செயற்றிட்டங்களின் மதிப்பீட்டறிக்கைகளேயாகும். திட்டம் வென்றதா தோற்றதா என அவை தீர்ப்புக் கூறுகின்றன. எந்த அளவுகோல் கொண்டு அளக்கப்பட்டது, அதனைத் தெரிந்தோர் யாவர் என்னும் வினாக்கள் அவற்றில் அரிதாகவே எழுகின்றன. கென்யாவின் கஜியாடோ, பாரிங்கோ ஆகிய இரு பிரதேசங்களின் அநுபவத்தைக் கொண்டு இவ்வினாக்களை நாம் இங்கு நோக்குவோம்.

கஜியாடோவின் வரலாறு நிலப் பறிப்பிலிருந்து தொடங்குகின்றது. 1904ஆம், 1911ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் மூலம் பிரித்தானிய ஆட்சி மசாய் மக்களைப் பிளவுப் பள்ளத்தாக்கிலிருந்தும் லைக்கிப்பியாவிலிருந்தும் அகற்றி, அந்நிலங்களை வெள்ளைக் குடியேறிகளுக்கு வழங்கிற்று. தெற்கிலுள்ள ஒதுக்கு நிலத்தில் மந்தைகள் நெருக்குண்டபோது, அளவுக்கு மீறி மேய்க்கின்றனர் என்ற பழி மேய்ப்போர் மீதே சுமத்தப்பட்டது. நெருக்கத்தை உண்டாக்கிய காரணி மறைக்கப்பட்டு, அதன் விளைவு மேய்ப்போரின் அறியாமையாகக் காட்டப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது.

சுதந்திர கென்யா 1968இல் இயற்றிய சட்டமொன்று கூட்டு மேய்ச்சற் பண்ணைகளுக்கு வழிவகுத்தது. உலக வங்கியின் உதவியுடன் நடைபெற்ற கால்நடை அபிவிருத்தித் திட்டம் அவற்றுக்குக் கடன் வழங்கியது. எல்லை வகுத்த நிலம், கூட்டு உறுதி, தெரிவுசெய்யப்பட்ட பிரதிநிதிகள், நீர்நிலைகள், உண்ணிநீக்கும் மருந்துத் தொட்டிகள், குடும்பத்துக்கு இத்தனை மாடுகள் என்னும் வரையறை என்பன அதன் கூறுகளாயின. சந்தைக்கு இறைச்சி மாடுகளை அனுப்புதலே இறுதி நோக்கமாயிற்று. பொதுநிலம் அழிந்தே தீரும் என வாதிட்ட கரட் ஹாடினின் கட்டுரையும் அதே 1968இலேயே வெளிவந்தது. ஒன்று மற்றொன்றின் விளைவன்று; ஆயினும் பொதுவுடைமையாயுள்ள மேய்ச்சல் நிலத்துக்குக் காவலில்லை என்னும் எடுகோள் இரண்டுக்கும் பொதுவானது.

திட்டமிட்டோரின் அளவுகோலின்படி இம்முயற்சி தோல்வியே. மாடுகளின் எண்ணிக்கை வரையறை நடைமுறைக்கு வரவில்லை. வறட்சிக் காலத்தில் மந்தைகள் பண்ணை எல்லைகளைக் கடந்தன. இதனை ஒழுங்கீனமெனக் கொள்ளுதல் தகுமா? கஜியாடோவில் மழை ஓரிடத்திற் பெய்து அயலிடத்திற் பொய்க்கின்றது. புல் உள்ள இடத்துக்கு மந்தையைச் செலுத்துதலே அங்கு உற்பத்தி முறையின் உயிர்நாடி. வட கென்யாவின் துர்க்கானா மேய்ப்போரை ஆராய்ந்த எல்லிஸ், ஸ்விஃப்ற் என்போர் 1988இல் வெளியிட்ட ஆய்வும் இத்தகைய வரண்ட நிலங்களிற் புல்வளத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது மழையின் ஏற்றவிறக்கமே, மந்தையின் தொகையன்று எனக் காட்டிற்று. எனவே ஆண்டுதோறும் மாறாத 'தாங்குதிறன்' என்னும் எண் கொண்டு வெற்றி தோல்வியை அளப்பது அடிப்படையிலேயே பிழையாகின்றது.

அளக்கப்பட்ட பொருளும் ஆராயத்தக்கது. இறைச்சி கணக்கிடப்பட்டது, மசாய்க் குடும்பத்தின் அன்றாட உணவாகிய பால் உரிய இடம் பெறவில்லை. பாலைக் கறப்பவரும் பங்கிடுபவரும் பெண்கள். பண்ணை உறுப்பினராகப் பதியப்பட்டோரோ பெரும்பாலும் ஆண் குடும்பத் தலைவர்கள். தென் எத்தியோப்பியாவின் பொரானா மேய்ப்போரிடையே 1980களில் நிகழ்ந்த ஆய்வுகள், பாலையும் சேர்த்துக் கணக்கிடுமிடத்து, ஓர் ஹெக்டேயரின் விளைவில் அவர்களின் முறை வணிகப் பண்ணைகளை விஞ்சுவதைப் புலப்படுத்தின. அளவுகோல் மாறவே தீர்ப்பும் மாறிற்று.

மசாய் மக்கள் இப்பண்ணைகளை ஏற்றதற்கு அவர்களுக்கேயுரிய காரணமொன்றும் இருந்தது. அயலார் ஆக்கிரமிப்பிலிருந்து நிலத்தைக் காக்க உறுதிப்பத்திரம் வேண்டியிருந்தது. அவ்வளவுகோலின்படி திட்டம் ஓரளவு வெற்றியே. எனினும் 1980கள் தொடக்கம் பல பண்ணைகள் தனியார் காணிகளாகத் துண்டாடப்பட்டன; செல்வாக்குள்ளோர் பெருந்துண்டுகளைப் பெற, வறியோர் பலர் தம் பங்கை விற்றனர். 1968ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டு, சமுதாய நிலச் சட்டம் அதனிடத்தைப் பெற்றபோது அந்நிலங்களிற் பெரும்பகுதி மீளாத நிலையை அடைந்திருந்தது.

நிலப் புனரமைப்புக்கு பாரிங்கோ தக்க சான்று. மண்ணரிப்பையும் விறகுப் பஞ்சத்தையும் போக்குதற்கென 1980களின் தொடக்கத்தில் அங்கு சீமைக்கருவேல் நடப்பட்டது. இராமநாதபுரத்திலும் நம் நாட்டின் பூந்தலப் பூங்காவிலும் பரவியுள்ள அதே மரம். பிழைத்த கன்றுகளின் தொகை கொண்டு அளந்தால் இது பெருவெற்றி. ஆனால் மரம் மேய்ச்சல் நிலங்களை விழுங்கிற்று. 2006இல் அப்பிரதேச மக்கள் அரசுக்கெதிராக நைரோபி உயர் நீதிமன்றத்தை நாடினர். அதன் காய்களைத் தின்று பல்லிழந்த ஆடொன்றும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

அதே பாரிங்கோவில் 1982 தொடக்கம் மற்றொரு முயற்சியும் நடைபெற்றது. வேலியிட்ட நிலங்களில் அப்பகுதிக்குரிய புற்கள் விதைக்கப்பட்டன. நாம் கொழுக்கட்டைப் புல் என அறிவது அவற்றுள் ஒன்று. வறட்சியில் மேய்ச்சல், கூரைப்புல், விற்பனைக்கு விதை என்பன கிடைத்தன. இது பாராட்டத்தக்கதே. ஆயினும் வேலிக்கு உள்ளே வளர்ந்த புல்லை மட்டும் அளந்தால் போதாது. வெளியே நின்றவர் யார், அவருடைய ஆடுகள் எங்கு சென்றன என்பதையும் கேட்டல் வேண்டும்.

மரபு மேய்ச்சல் முறையைக் குறையற்ற சமத்துவச் சமுதாயமாகப் போற்றும் முற்போக்காளர் சிலரின் நோக்கும் நமக்கு உடன்பாடன்று. மந்தையுடைமையில் ஏற்றத்தாழ்வு அங்கும் உண்டு. காணிப் பங்கீட்டின்போது அதுவே வெளிப்பட்டது. எனவே இத்தகைய திட்டங்களின் மதிப்பீடு நான்கு வினாக்களுக்கேனும் விடை கூறுதல் வேண்டும். வறட்சியில் மந்தை நகரும் வழி விரிந்ததா, குறுகியதா? நிலத்தின் மீதான அதிகாரம் யாரிடம் சேர்ந்தது? மிகச் சிறிய மந்தையுடைய குடும்பமும் அதன் பெண்களும் பெற்றது யாது? திட்டம் முடிந்து ஒரு கடும் வறட்சி கடந்த பின்னர் எஞ்சியது எவ்வளவு? கடைசி வினாவுக்கு விடை காண ஆண்டுகள் பல செல்லும். நிதி வழங்குவோரின் கணக்காண்டுக்குள் முடியும் மதிப்பீடு அதனை எழுப்பவே இயலாது. மதிப்பீட்டின் காலத்தையும் அளவுகோலையும் நிர்ணயிப்பதில் மேய்ப்போருக்கு இடமளிக்கப்படாதவரை, அவர்தம் நிலத்தைப் பற்றிய தீர்ப்புக்களைப் பிறரே வழங்கிக் கொண்டிருப்பர்.