பகடையும் சந்தாவும்

ஒரு பத்திரிகைக்குச் சந்தா கட்டுவது லாபமா நஷ்டமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பக்கங்களைத்தான் எண்ணுகிறார்கள். இத்தனை பக்கம், இத்தனை பணம், இதில் எனக்கு உபயோகப்பட்டது இத்தனை என்று கணக்கு முடிந்துவிடுகிறது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டங்களின் பத்திரிகைகளைப் பற்றி இப்போது நடக்கும் பேச்சும் இந்தக் கணக்கைத் தாண்டவில்லை. விதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆடுவதற்கான சாகசங்கள் குவிந்து கிடக்கின்றன. பிறகு பத்திரிகைக்கு எதற்குப் பணம்? கேள்வி நியாயமானது. ஆனால் பதிலைத் தேடும் இடம் சரியில்லை என்பது என் எண்ணம்.

இந்த ஆட்டத்தை நான் ஆடியது சொற்பம். இதன் பத்திரிகைகளைப் படித்தது அதிகம். ஒரு வடிவம் தன்னைப் பற்றித் தானே யோசிக்க எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று பார்க்கும் ஆசைதான் காரணம். தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: நாலைந்து பேர் கூடுகிறார்கள். ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்த உலகத்தில் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறார்கள். சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்கிறது. ஆட்டம் முடிந்தபின் மிஞ்சுவது பேச்சின் ஞாபகம் மட்டுமே. பிரதி இல்லாத கலை. பிரதி இல்லாத கலைக்குப் பத்திரிகை எவ்வளவு அவசியம் என்பதை இங்கிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

*

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ல், ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்களாக, முதலில் ஆயிரம் பிரதிகள் வெளியாயிற்று. பிரசுரித்தது டி.எஸ்.ஆர்., விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இயங்கிய சிறு நிறுவனம். விதிகள் அரைகுறை. புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் ஒழுங்காக ஆடியிருக்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்பவே 1975ல் அதே நிறுவனத்திலிருந்து தி ஸ்ட்ராடஜிக் ரெவ்யூ வந்தது. ஏழு இதழ்கள். பின்னால் விதிநூல்களில் நிலைத்துவிட்ட வனக்காவலனும் மாயத்தோற்ற மந்திரவாதியும் பாணனும் முதலில் அந்த ஏழு இதழ்களில்தான் தலைகாட்டினார்கள். 1976 ஜூனில் தி டிராகன் தொடங்கிற்று.

அன்று சந்தா கட்டியவன் தனக்கில்லாத ஒரு பொருளை வாங்கினான். அந்தத் தேவை இன்று தீர்ந்துவிட்டது. 2023 ஜனவரியில் இந்த ஆட்டத்தின் அடிப்படை விதிகளையே அதன் இன்றைய உரிமையாளர் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் விட்டாயிற்று. விதிகளுக்காக இனி யாரும் பத்திரிகை வாங்க வேண்டியதில்லை. இந்த அளவில், சந்தா வீண் என்பவர்கள் சொல்வது உண்மை.

ஆனால் பத்திரிகை கொடுத்துவந்தது விதிகளை மட்டும்தானா?

லண்டனிலிருந்து 1977ல் இயன் லிவிங்ஸ்டனை ஆசிரியராகக் கொண்டு ஒயிட் ட்வார்ஃப் வந்தது. அதில் ஃபீண்ட் ஃபாக்டரி என்று ஒரு பகுதி. வாசகர்கள் தாங்கள் கற்பித்த அரக்கர்களையும் விநோத ஜந்துக்களையும் எழுதி அனுப்புவார்கள். தேறியவை அச்சேறும். 1979ல் சார்லஸ் ஸ்ட்ராஸ் என்ற பள்ளிக்கூட வயதுப் பையன் கித்யாங்கி என்று ஓர் இனத்தை எழுதி அனுப்பினான். பெயர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ஒரு நாவலிலிருந்து எடுத்தது.  1981ல் அந்தப் பகுதியின் அறுவடை ஃபீண்ட் ஃபோலியோ என்று புத்தகமானபோது கித்யாங்கிதான் அட்டைப்படம். 2023ல் வெளியாகி உலகமெங்கும் ஆடப்பட்ட பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி ஆட்டத்தில் பிரதான பாத்திரங்களில் ஒருத்தி அந்த இனத்தவள். பையன் பிற்பாடு அறிவியல் புனைகதை எழுத்தாளராகப் பெயர் பெற்றார்.

தபாலில் வந்த ஒரு காகிதம் நாற்பத்துநான்கு வருஷம் நிலைத்திருக்கிறது. அதை அனுப்பியவனின் சிருஷ்டி சக்தி ஒரு பாதி. நூறு காகிதங்களில் இதை எடுத்து மற்றதை ஒதுக்கிய ஒரு கை இருந்தது என்பது மறுபாதி. நான் சந்தா என்று சொல்வது அந்தக் கைக்கு முன்கூட்டியே கொடுக்கும் பணத்தை. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தால் கடைக்குப் போய் வாங்கிக்கொள்வேன். எனக்கு வேண்டும் என்று எனக்கே தெரியாத ஒன்றை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து போட ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கைதான் சந்தா.

*

நம்பிக்கை என்றால் அது எப்போது முறிகிறது என்றும் சொல்ல வேண்டும்.

ஒயிட் ட்வார்ஃபின் சொந்தக்காரர்கள் கேம்ஸ் வொர்க்‌ஷாப். கடை வைத்திருந்தவர்கள், இறக்குமதி செய்தவர்கள், பிறகு தாங்களே பொம்மைகளும் ஆட்டங்களும் தயாரித்தவர்கள். ஆரம்ப வருஷங்களில் இந்தப் பத்திரிகை பல நிறுவனங்களின் ஆட்டங்களுக்கு இடம் கொடுத்தது. ஓப்பன் பாக்ஸ் என்ற பகுதியில் எல்லோருடைய வெளியீடுகளுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டது. மதிப்பெண் போடுவது நல்ல விமர்சனமா என்பது வேறு சண்டை. குறைத்துப் போடும் சுதந்திரமாவது இருந்தது. 1980களின் பிற்பகுதியில் அது தன் நிறுவனத்தின் பொருள்களை மட்டும் பேசும் பத்திரிகையாயிற்று. இன்றும் மாதாமாதம் வருகிறது. அழகான வண்ணப் படங்களுடன் வருகிறது. அதை விரும்பி வாங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கட்டும் பணத்தை விலைப்பட்டியலுக்குக் கட்டும் பணம் என்றுதான் நான் சொல்வேன். விலைப்பட்டியலைக் கடைக்காரன் சும்மா கொடுப்பதுதான் வழக்கம்.

இதற்கு எதிர்த்துருவம் ஒன்று உண்டு. 1975 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்ட் என்ற பெண்மணி அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ் என்ற இதழைத் தொடங்கினார். ஒவ்வொருவரும் தன் பக்கங்களைத் தானே எழுதி அனுப்ப வேண்டியது. எல்லாவற்றையும் சேர்த்து, ஆரம்ப காலத்தில் சைக்ளோஸ்டைலில் உருட்டித் தைத்து அனுப்பினார். போன இதழில் மற்றவர் எழுதியதற்கு இந்த இதழில் பதில். அதற்கு அடுத்த இதழில் மறுப்பு. வாசகர் யார், எழுதுபவர் யார் என்ற பேதம் ஏறக்குறைய இல்லை. ஜொனாதன் ட்வீட், ராபின் லாஸ் போன்ற பிற்கால ஆட்ட ஆசிரியர்கள் இந்தப் பக்கங்களில் வாதாடி வளர்ந்தவர்கள். 2025ல் அவர் அதை நிறுத்தியபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட இதழ்கள் வந்திருந்தன. ஐம்பது வருஷம்.

கைகாக்ஸ் தொடக்கத்தில் இந்த இதழுக்குக் கடிதம் எழுதியவர்தான். 1978ல் டிராகனில் எழுதியபோது இந்த வகை அமெச்சூர் இதழ்களையே அலட்சியமாகத் தள்ளினார். சொந்தப் பெருமைக்குக் காசு கொடுத்து அச்சடித்துக்கொள்ளும் ஈனமான பிரசுரம் என்பது அவர் கருத்து. இந்த வசை நம்மில் யாருக்கும் புதிதல்ல. விற்பனை உள்ள இடத்திலிருந்து விற்பனை இல்லாத இடத்தைப் பார்த்துச் சொல்லப்படும் இந்த வார்த்தைக்கு மொழி, தேச வித்தியாசம் கிடையாது. ஆனால் நடந்தது என்ன? அவருடைய ஆட்டத்தை எப்படி ஆடுகிறோம், ஏன் ஆடுகிறோம், விதி பெரிதா கதை பெரிதா என்று தீராமல் விவாதித்த இடங்களில் அவர் இகழ்ந்த இதழ் முக்கியமானது. டிராகனின் அச்சுப் பதிப்பு 2007ல் நின்றது. அது, அதற்கப்புறமும் பதினெட்டு வருஷம் வந்துகொண்டிருந்தது.

*

2007 ஒரு முக்கியமான வருஷம். அப்போது டிராகனையும் அதன் சகோதரப் பத்திரிகை டஞ்சனையும் உரிமம் பெற்று நடத்திவந்தது பைஸோ என்ற நிறுவனம். உரிமையாளர் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் உரிமத்தைப் புதுப்பிக்காத நிலையில், டிராகன் 359ஆம் இதழோடும் டஞ்சன் 150ஆம் இதழோடும் அச்சில் முடிந்தன. பைஸோ என்ன செய்தது? பாத்ஃபைண்டர் என்று மாதாந்திர சாகச வரிசை ஒன்றைத் தொடங்கி, மீதிச் சந்தா உள்ளவர்கள் அதை இந்த வரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றது. கணிசமானவர்கள் கூடவே போனார்கள். அந்த ஆதரவின் மேல் 2009ல் பாத்ஃபைண்டர் என்ற தனி ஆட்டமே எழுந்தது. பெயர் பறிபோயிற்று, ஆட்டத்தின் உரிமை பறிபோயிற்று. தேர்ந்தெடுக்கும் கையை நம்பியவர்கள் பறிபோகவில்லை.

பெயரை வைத்துக்கொண்டவர்கள் டிராகனை 2008 முதல் டி அண்ட் டி இன்சைடர் என்ற கட்டணச் சேவைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். பாத்திரங்களைக் கணக்குப் போட்டு உருவாக்கித் தரும் மென்பொருளுக்காகப் பலர் பணம் கட்டினார்கள். பத்திரிகை அதன் ஓர் ஓரத்தில் இருந்தது. 2013 டிசம்பரோடு அதுவும் நின்றது. 2015ல் டிராகன் ப்ளஸ் என்று இலவசமாக ஒன்று வந்தது. 2022ல் மூடினார்கள். மூடியபோது பழைய இதழ்கள் இருந்த தளத்தையும் எடுத்துவிட்டார்கள். 1976ன் டிராகன் இன்றும் பழைய புத்தகக்காரர்களிடம் கிடைக்கும். 2016ன் டிராகன் ப்ளஸைத் தேட வேண்டியிருக்கிறது. யாரும் காசு கொடுக்காததால் யார் கையிலும் அது பிரதியாக இல்லை. இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

*

ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. இப்போது பேட்ரியான் போன்ற ஏற்பாடுகள் வழியாக எழுதுபவருக்கே மாதாமாதம் பணம் தரலாம். நடுவில் பத்திரிகை எதற்கு? எழுத்தாளனுக்குச் சேரவேண்டியது நேராகச் சேரட்டுமே. பத்திரிகைகள் எழுத்தாளனுக்குச் செய்த அநியாயங்களும் குறைவில்லை. டிராகனின் முதல் 250 இதழ்களைக் குறுந்தகட்டில் மறுபிரசுரம் செய்தபோது, ஒருமுறை அச்சிடக் கொடுத்ததை மறுபடி விற்க யாருக்கு உரிமை என்ற தகராறு வந்ததும் வரலாறு.

பணம் நேராகப் போவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்த ஒருவருக்கு மாதாமாதம் பணம் கட்டினால், எனக்குப் பிடித்ததே மாதாமாதம் வரும். அவரை மறுப்பவரின் குரல் அந்தத் தபாலில் வராது. அவருக்கு இடமில்லை என்று திருப்பியனுப்புபவரும் அங்கே இல்லை. ரசிகர்களின் ஆதரவில் வாழும் எழுத்தாளனிடம் அவனுடைய குறையைச் சொல்ல யாருக்கும் லாபமில்லை. பெயர் தெரியாத ஒரு பள்ளிப் பையனின் காகிதம் அங்கே நுழைய வாசலும் இல்லை. பத்திரிகை என்பது பரஸ்பரம் ஒத்துப்போகாத பத்துப் பேரை ஒரே தையலுக்குள் உட்கார வைப்பது. அந்த வேலைக்கு மாற்று இன்னும் வரவில்லை.

ஆகவே இந்தப் பத்திரிகைகளுக்குச் சந்தா கட்டலாமா என்று கேட்பவரிடம் நான் பக்கங்களை எண்ணச் சொல்லமாட்டேன். கடைசி ஆறு இதழ்களை எடுத்துப் பார்க்கச் சொல்வேன். விளம்பரம் கொடுத்தவரின் புத்தகத்தை நன்றாயில்லை என்று எங்காவது எழுதியிருக்கிறார்களா? முன்பின் தெரியாத பெயர் ஒன்றாவது இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் பணம் பையில் இருக்கட்டும். பத்திரிகையின் பெயர் எவ்வளவு பழையதானாலும் சரி, நம் இளமைக்காலம் அதோடு எவ்வளவு பிணைந்திருந்தாலும் சரி. பழைய ஞாபகத்துக்குக் கட்டும் சந்தா திவசத்துக்குக் கொடுக்கும் தட்சிணை. அதில் செத்தவர் எழுந்து வரப்போவதில்லை.

இரண்டில் ஒன்றாவது இருந்தால் ஒரு வருஷத்துக்குக் கட்டலாம். இடையில் நின்றுபோகலாம். நின்றுபோகும் சாத்தியத்தோடு பிறக்காத பத்திரிகையை நான் பார்த்ததில்லை. ஐந்து வருஷச் சந்தா, ஆயுள் சந்தா என்று சலுகை காட்டினால் வேண்டாம். ஆசிரியரின் கை தளர்ந்துவிட்டதா என்று வருஷத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொள்ளும் உரிமையை வாசகன் விற்றுவிடக் கூடாது.