லாக் உட்கார்ந்திருந்த விதம்

விமான விபத்தில் சிக்கி ஒரு தீவில் ஒதுங்கியவர்களின் கதையான 'லாஸ்ட்' தொடரின் தலைசிறந்த அத்தியாயம் எது என்ற விவாதம் எழும்போதெல்லாம், ரசிகர்களில் பெரும்பாலோர் 2008-இல் வந்த 'தி கான்ஸ்டன்ட்'டுக்கே கிரீடம் சூட்டிவிடுகிறார்கள். காதலர்களான டெஸ்மண்டும் பென்னியும் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் அந்தக் கட்டத்தின் உருக்கத்தை நானும் மறுப்பதற்கில்லை. ஆயினும், காலத்தை முன்னும் பின்னும் புரட்டும் சாமர்த்தியம் எதையும் நாடாமல், பூர்வகதைக் காட்சிகள் அனைத்திலும் லாக் என்ற ஒரு மனிதரை எழுந்திருக்கவிடாமலே வைத்து, அவர் எழுந்திருக்கவில்லை என்பதே நம் கவனத்தில் படாதபடி செய்துவிட்ட 'வாக்கபவுட்' அத்தியாயத்தைத்தான், 2004 அக்டோபர் 13 அன்று ஒளிபரப்பான அந்த நான்காம் அத்தியாயத்தைத்தான், என் மனம் முதலிடத்தில் வைக்கிறது.

இதை இயக்குநர் ஜாக் பெண்டரின் காமிராத் தந்திரம் என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் உண்டு. மேஜை மறைத்தது உண்மைதான். ஆனால் மேஜை மறைத்தது கால்களை மட்டுமே. மற்றதை மறைத்தவர் லாக்காக நடித்த டெர்ரி ஓக்வின். பெட்டி தயாரிக்கும் கம்பெனியில் மேலதிகாரி ராண்டி, தன்னைவிட வயதில் மூத்த லாக்கைப் பிறர் எதிரில் ஏளனம் செய்கிற கட்டத்தைச் சற்றே நிதானித்துப் பாருங்கள். சாதாரண மனிதன் எவனும் அந்த வார்த்தைகளைக் கேட்டு நாற்காலியைப் பின்னே தள்ளிக்கொண்டு எழுந்திருப்பான். ஓக்வினிடத்திலோ கோபம் முழுவதும் மார்புக்கு மேலேயே தங்கிவிடுகிறது. தாடை இறுகுகிறது, கண்கள் நிலைகுத்துகின்றன, இடுப்புக்குக் கீழே அந்தக் கோபத்துக்குப் பங்கில்லை. முதல் முறை பார்க்கையில் இதை அடங்கி நடக்கும் ஒரு குமாஸ்தாவின் பயமென்று எண்ணுகிறோம். அவர் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர் என்ற உண்மை தெரிந்தபின் மறுமுறை பார்க்கையில், ஒரு சலனமும் மாறாமல், அதே தோள்கள் வேறொரு கதையைச் சொல்கின்றன. அபிநயத்தின் சூட்சுமம் இதுவென்றே கருதுகிறேன்.

விபத்துக்குப் பின் கால்கள் உயிர்பெற்ற அதே மனிதர் தீவில் எப்படி நிற்கிறார்! சக பயணி சாயர் அமர்ந்திருக்கும் இடத்துக்கு அருகே கத்தி வந்து பாய்ந்து நிற்க, காட்டுப்பன்றி வேட்டையின் முறையை ஓர் ஆசிரியரின் அமைதியோடு விவரிக்கும்போது, கால்களை ஊன்றி நிற்பதில் அவருக்கிருக்கும் ஆனந்தம் நமக்கு இன்னும் விளங்காத ஆனந்தம். பன்றி மோதித் தள்ளியபின் அவர் மல்லாந்து கிடக்கும் சில விநாடிகளும் அத்தகையவைதான். அடிபட்டவன் மூச்சு வாங்குகிறான் என்று நாம் நினைத்திருக்க, அவரோ தம் பாதம் அசையுமா, பழைய நிலை திரும்பிவிட்டதா என்ற பீதியில் கிடந்திருக்கிறார்.

மைக்கேல் ஜியாக்கினோவின் இசையைச் சொல்லாமல் விடுவது அபசாரம். விமானத்தின் உடைந்த பாகங்களையே தாளக் கருவிகளாகத் தட்டி ஒலி எழுப்பிய அந்த மனிதர், இறுதியில் கடற்கரை மணலில் கிடக்கும் லாக்கின் கால் விரல் அசையும் தருணத்தில் தாளத்தையெல்லாம் விலக்கிவிட்டு, தந்தி வாத்தியங்களைக் கொண்டே அந்த அற்புதத்தை மெல்ல உயர்த்துகிறார். மனிதக் கரங்கள் வாசித்த வாத்தியங்கள் அவை. இன்று யந்திரத்தில் தயாராகி, எல்லாத் தொடர்களிலும் ஒரே விதமாக உறுமிக்கொண்டிருக்கும் பின்னணி ஓசைக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இன்னொரு வருத்தமும் எனக்குண்டு. ஒரு பருவத்தின் அத்தியாயங்கள் அனைத்தையும் ஒரே நாளில் கொட்டிவிடுகிற இக்காலத்தில், ரகசியம் வெளிப்பட்ட அடுத்த நிமிஷமே அடுத்த அத்தியாயம் தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. சக்கர நாற்காலியைக் கண்டு திகைத்த ரசிகனுக்கு அன்று ஒரு வாரம் முழுவதும் கிடைத்தது. கம்பெனி மேஜையையும், படுக்கையில் படுத்தபடி ஹெலன் என்ற பெண்ணோடு லாக் பேசிய தொலைபேசிக் காட்சியையும் அவனே நினைவில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். இன்றைய தொடர்களோ ரசிகனை நம்புவதில்லை. முடிச்சு அவிழ்ந்ததும் பழைய துணுக்குகளைத் தாமே வரிசையாக ஓட்டிக் காட்டி, அவன் அடையவேண்டிய இன்பத்தை அவையே அடைந்துவிடுகின்றன.

'வாக்கபவுட்'டின் கதைவசனத்துக்காக டேவிட் ஃப்யூரி 2005-இல் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பரிசு வேறொருவருக்குப் போயிற்று. ஓக்வினுக்கு அந்த விருது 2007-இல்தான் வந்து சேர்ந்தது. பின்னாளில் அவர் நடித்தவை எவ்வளவு சிறந்தவையாயினும், அந்த நாற்காலியில் அவர் அமர்ந்திருந்த விதத்துக்காக முதல் ஆண்டிலேயே அதைக் கொடுத்திருக்க வேண்டும்.