மெதுவாக ஏற வேண்டிய மலை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு, அங்கிருந்து தாணிப்பாறை. காலையிலேயே வனத்துறை வாயிலில் வரிசையில் நின்றுவிட்டால், சதுரகிரி ஏறிப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடலாம். பெரும்பாலோர் மலைமேல் இருக்கும் சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்கும் அவசரத்தில் விறுவிறுவென்று போகிறார்கள். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. எனக்கு வேடிக்கை பார்க்கிற வியாதி. இரண்டும் சேர்ந்ததில் இந்தப் பாதையின் அழகு எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வாய்த்தது.

முதலில் பாறையைப் பாருங்கள். ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் வழுக்குப்பாறை வரும். வெறுங்காலோடு ஏறுகிறவர்களின் பாதம் பட்டுப் பட்டு அதன் நடுப்பகுதி மட்டும் மழமழவென்று மினுங்குகிறது. ஓரங்களில் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு வந்தவர்கள், பௌர்ணமிக்கு வந்தவர்கள், நேர்த்திக்கடனுக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லோருடைய காலும் சேர்ந்து இழைத்த பளபளப்பு அது. உளி தொடாத இந்த வழவழப்பைக் குனிந்து ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். காலை வெயில் சாய்வாக விழும்போது அதில் ஓடுகிற மெல்லிய ஒளிக்கோடு இருக்கிறதே, அதற்காகவே நான் அங்கே உட்கார்ந்துவிட்டேன்.

எங்களுக்கு முன்னால் போன கல்லூரிப் பையன் ஒருவன், "இது முன்னாடி எரிமலையா இருந்திருக்குமோ?" என்று நண்பனைக் கேட்டுக்கொண்டு போனான். கேட்கத் தோன்றும் மலைதான். ஆனால் நெருப்பைக் கக்கிப் பிறந்த மலை இல்லை இது. இந்தப் பக்கத்து மலைகளில் பெரும்பாலும் சார்னோக்கைட்டும் நைசும்தான். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் புடம்போடப்பட்ட கற்கள். மேலே இருந்ததெல்லாம் கரைந்து, நிலம் உயர்ந்து, அடியாழம் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. புதிதாக உடைந்த ஒரு சார்னோக்கைட்டுத் துண்டை நிழலில் வைத்துப் பாருங்கள்: நீலமும் பச்சையும் கலந்த சாம்பல் நிறம், மேலே ஒரு எண்ணெய்ப் பூச்சு. அதே கல் வெயிலில் பல காலம் கிடந்தால் பழுப்பேறிவிடுகிறது. இந்தக் கல்லுக்குப் பெயர் வந்த கதையும் அழகு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இருந்த கல்லை 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் ஆராய்ந்து, சார்னாக்கின் பெயரையே வைத்தார். அந்தக் கல் கப்பலேறிப் போனது சென்னைப் பக்கத்திலிருந்து.

சங்கிலிப்பாறையில் பிடித்து ஏறச் சங்கிலி உண்டு. கை அதிகம் படுகிற கண்ணிகள் மட்டும் துரு இல்லாமல் பளிச்சென்று இருந்தன. பக்கத்தில் ஓடை. கோடையில் கூழாங்கற்களுக்கு இடையே முணுமுணுத்துக்கொண்டு போகிற இதே தண்ணீர்தான், 2015 மே மாதம் திடீர் வெள்ளமாக வந்து பக்தர்கள் சிலரின் உயிரைக் கொண்டுபோனது. மழை அறிகுறி தெரிந்தால் இப்போது ஏறவிடுவதில்லை. இந்த மலைத்தொடரில் இறங்குகிற ஓடைகளும் சிற்றாறுகளும் கூடித்தான் அர்ச்சுனா நதி. வத்திராயிருப்பு வயல்களுக்குப் பச்சையைக் கொடுத்துவிட்டு, வைப்பாற்றில் கலந்து, மன்னார் வளைகுடாவரை போகிறது. ஒரு வளைவில் நின்று கீழே பார்த்தால் கண்மாய்களும் தென்னந்தோப்புகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. தண்ணீர் போன வழியைத் தென்னையின் அடர்த்தியை வைத்தே கண்ணால் தொடர்ந்து போகலாம்.

"இங்க பாரு, மேல பாரு" என்று வீட்டுக்காரர் என் தோளைத் தட்டினார். சாம்பல் நிற அணில்! இதற்காகவே 1988-இல் இங்கே ஒரு சரணாலயம் அமைத்தார்கள். 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் சேர்ந்தது. வீட்டுக் கொல்லையில் ஓடுகிற அணிலை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் திகைப்பாக இருக்கும். உருவம் அவ்வளவு பெரிது. வாலோ உடம்பின் நீளத்தை எட்டிவிடும். பழுப்புச் சாம்பல் மயிரின் நுனிதோறும் வெள்ளை, பனி படிந்ததுபோல. ஆனால் நான் சொக்கிப்போனது அது தாவிய லாவகத்தில். கிளை நுனிக்கு வந்தது. நின்றது. கிளை தாழ்ந்து மீண்டும் எழும் தருணத்துக்காகக் காத்திருந்து, அந்த எழுச்சியையே உந்துதலாக்கி அடுத்த மரத்துக்குப் போய்விட்டது. இந்த அணில் தரைக்கு வர விரும்பாது. கிளையோடு கிளை பின்னிய மரங்களாகப் பார்த்துத்தான் கூடு கட்டும். ஒரு மரம் விழுந்தால் இதற்கு ஒரு பாலம் போன கணக்கு. அது போன பிறகும் ஆடிக்கொண்டிருந்த கிளையை நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றோம். பின்னால் வந்த அம்மா ஒருவர், "என்னத்தா, பாதைய அடைச்சுக்கிட்டு" என்று செல்லமாக அதட்டிவிட்டுப் போனார்.

மேலே, சுந்தர மகாலிங்கம். தானே தோன்றிய லிங்கம் என்பது நம்பிக்கை, சற்றே சாய்ந்திருக்கிறது. பச்சைமால் என்ற இடையன், தன் பசுவின் பால் தினமும் குறைவதைக் கண்டு கோபத்தில் கம்பை ஓங்க, அடி அந்தப் பசுவிடம் பாலருந்திக்கொண்டிருந்த துறவியின் தலையில் விழுந்ததாம். அவரே சிவன். சாய்வுக்கு இதுதான் காரணம் என்பார்கள். கதை ஒருபுறம் இருக்கட்டும், அந்தச் சாய்வைப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கிற லிங்கத்தின் முன்னால் நாம்தான் குனிய வேண்டியிருக்கிறது. இவரோ, நாம் சொல்வது சரியாகக் கேட்கவில்லை என்பதுபோலத் தலையை ஒரு பக்கமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். யாரும் திட்டமிட்டு வடித்திருக்க முடியாத நளினம்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் மர நிழலில் ஒரு பாறையாகப் பார்த்து முதுகைக் கொடுத்தார். "என்னங்க, இறங்க நேரமாகுதே" என்றேன்.

"சாமியே சாஞ்சுக்கிட்டுத்தான் இருக்காரு. நான் கொஞ்சம் சாஞ்சா என்ன?"

வனக்காவலர் வந்து குரல் கொடுக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.